தொண்டு யாருக்காக? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு தொகையை ஒதுக்கி, அருகிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு வழங்கி வருகிறோம். நாங்களே போய்ப் பரிமாறுவோம். அண்மையில் எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், “இதெல்லாம் உங்கள் மனத்திருப்திக்காகச் செய்வது. அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தால் அது தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்ளும். வாங்குகிறவர்களையும் கையேந்திப் பழக்குகிறீர்கள்” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பரிமாறிவிட்டுத் திரும்பும்போது மனநிறைவு ஏற்படுவது உண்மைதான். அப்படியென்றால் அவர் சொல்வது சரியா? இத்தகைய தொண்டினால் செய்கிறவனுக்கும் சமூகத்துக்கும் என்ன பயன்?

அன்புடன்,
ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெரியவர் எழுப்பியவை தட்டிக்கழிக்கக்கூடிய கேள்விகள் அல்ல. தொண்டு செய்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அவற்றை எதிர்கொண்டாக வேண்டும். பொதுப்படையாக வாதிடுவதைக் காட்டிலும், கேரளத்தில் மலபார்ப் பகுதியில் உருவாகி வளர்ந்த பாலியேட்டிவ் கேர் இயக்கத்தை, அதாவது குணப்படுத்த முடியாத நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு இயக்கத்தை, முன்வைத்துப் பேசுவது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைக்கிறேன். தொண்டு என்னென்ன செய்ய முடியும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்றை நம் அண்டையில் நான் அறியேன்.

1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் சேர்ந்து, குணப்படுத்த முடியாத நோயாளிகளின் வலியைத் தணிப்பதற்காக ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்களிடம் “இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்” என்று மருத்துவமனைகள் சொல்லிவந்த காலம் அது. அப்படி வீட்டுக்குப் போனவர்கள் அதற்குப்பின் என்ன ஆனார்கள் என்பது மருத்துவமனைக்குத் தெரியாது. படுத்த படுக்கையாகிவிட்டவரால் கோழிக்கோடு வரை வந்து மருந்து வாங்கிச் செல்லவும் இயலாது. ஆகவே தொண்ணூறுகளின் இறுதியில் இந்தப் பணி மருத்துவமனையை விட்டு வெளியேறி ஊர்களுக்குள் நுழைந்தது. ஆட்டோ ஓட்டுநர்களும் பள்ளி ஆசிரியர்களும் கடைக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் பயிற்சி பெற்றுத் தத்தம் ஊர் நோயாளிகளை வீடு தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைகளில் வைத்த உண்டியல்களிலும் வீடுதோறும் திரட்டிய சிறு தொகைகளிலும்தான் பெரும்பாலான செலவு நடந்தது.

அப்படியொரு வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு மலப்புறம் மாவட்டத்தில் ஒரு நாள் உடன் சென்றிருக்கிறேன். கமுகு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரின் வீடு. செவிலியர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படுக்கைப்புண்ணை உப்புநீரால் கழுவி, நைந்த சதையை நீக்கி, ஈரத்துணி வைத்துக் கட்டினார். கணவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவருடைய மனைவிக்குத் தானே செய்துகாட்டினார். உடன் வந்திருந்த தொண்டரான ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த நேரம் முழுதும் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மழையைப் பற்றியும் பாக்கு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சின் நடுவில்தான் வீட்டின் மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பது தெரியவந்தது. ஆசிரியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு அரிசி தேவை, பையனை எப்படித் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவது என்பதெல்லாம் திரும்பும் வழியில் ஜீப்பிலேயே விவாதிக்கப்பட்டன.

தொண்டு சமூகத்துக்குத் தரும் பயன் என்று நான் முதன்மையாகக் கருதுவது இந்த அறிவைத்தான். ஒரு நோயாளியின் முதுகுப்புண்ணும் அவருடைய மகனின் படிப்பு நின்றுபோனதும் ஒரே துயரத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை எந்த அலுவலகக் கோப்பும் தானாகக் கண்டுபிடிக்காது. ஒருவர் அந்த வீட்டுக்கு மீண்டும் மீண்டும் போய், அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தால்தான் அது தெரியவரும்.

தொண்டு செய்தால் அரசு நழுவிக்கொள்ளும் என்ற வாதத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. மலபாரில் நடந்தது அதற்கு நேரெதிரானது. ஒரு பஞ்சாயத்தில் படுக்கையில் கிடப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை என்ற விவரம் தொண்டர்களின் கையில் இருந்ததால், உள்ளாட்சி உறுப்பினர்கள் அதைத் தெரியாது என்று சொல்ல முடியாமற்போயிற்று. 2008இல் கேரள அரசு பாலியேட்டிவ் கேருக்கென்று தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அது. அதன்பின் வீட்டுப் பராமரிப்பும் அதற்கான செவிலியரும் பஞ்சாயத்துகளின் பொறுப்பாக ஆயின. அபினியிலிருந்து எடுக்கப்படும் வலிநிவாரணியான மார்ஃபின் விஷயத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கடும் கட்டுப்பாடுகளால், அபினியை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே நோயாளிகள் வலிநிவாரணம் இன்றித் துடித்தார்கள். அந்த வலியை அன்றாடம் கண்டவர்கள் விடாமல் வாதாடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இன்று வீடு தேடிச்செல்லும் பாலியேட்டிவ் கேர் இருக்கிறது.

நம் மதிய உணவுத் திட்டத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. காமராஜர் காலத்தில், 1956இல் அது பல ஊர்களில் மக்கள் தந்த அரிசியையும் பணத்தையும் கொண்டே தொடங்கியது. அரசின் மானியம் அதற்குப்பின் வந்தது; 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஊர் சேர்ந்து தொடங்கிய ஒரு காரியம் குழந்தைகளின் உரிமையாக நிலைபெற்றது என்றால், அந்தத் தொடக்கம் அரசைத் தப்பவிட்டது என்று எப்படிச் சொல்வது?

மனத்திருப்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வருவதில் பிழை ஒன்றுமில்லை. பிறர் பசியாறுவதைக் கண்டு மகிழாத மனத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்? ஆனால் தொடர்ந்து செய்கிறவர்களுக்கு அந்த முதல் மகிழ்ச்சி வெகுநாள் நிற்பதில்லை. போன வாரம் பேசிக்கொண்டிருந்தவர் இந்த வாரம் இறந்திருப்பார். ஒருவர் காரணமின்றிக் கோபித்துக்கொள்வார். இன்னொருவர் நன்றி என்ற ஒரு சொல்கூடச் சொல்லமாட்டார். அப்போதும் மறுவாரம் போகிறவரிடம் ஒரு பொறுப்புணர்வு உருவாகிறது. தன்னால் எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது, ஆனாலும் தான் வராமலிருக்கக் கூடாது என்ற அறிதல் அது. தன் சம்பளம், தன் வீடு, தன் பிள்ளைகள் என்று மட்டுமே சுழலும் வாழ்க்கையில் இந்த அறிதலை வேறெங்கும் பெற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெரியவரின் மூன்றாவது கேள்வியை மட்டும் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். பெறுகிறவரைக் கூசவைக்கும் தொண்டு உண்டு. தட்டை நீட்டியபடி நிற்பவரைப் படமெடுத்துப் பகிர்வதும், பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டு முதியவர்களைக் கைதட்டச் சொல்வதும் கொடுமை. நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்றே நம்புகிறேன். இருந்தாலும் அந்த இல்லத்தில் இருப்பவர்களிடம் என்ன சாப்பிட விரும்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் பாயசம் கொண்டுபோனால் அது சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஏற்றதா?

ஆகவே நிறுத்த வேண்டாம். பரிமாறி முடித்ததும் கிளம்பிவிடாமல் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பேசுங்கள். யாருக்குக் கண் தெரியவில்லை, யாருக்கு முதியோர் ஓய்வூதியம் வரவில்லை அல்லது இடையில் நின்றுபோயிற்று என்பதெல்லாம் தெரியவரும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர்; ஆதார், வங்கிப் புத்தகம், விண்ணப்பம் ஆகியவற்றைச் சரிபார்த்து ஒழுங்குசெய்வது உங்களுக்கு எளிது. ஓய்வூதிய விண்ணப்பங்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு கவனிக்கிறது. அந்தப் பெரியவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். அரசின் கடமையைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசுகிறவர், நின்றுபோன ஓய்வூதியங்களுக்காக அந்த அலுவலகத்துக்கு உங்களோடு வருவார் என்றே எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.