பிள்ளைக்குக் கை ஓங்குவதற்கு முன்

தங்கச்சி, நாலு வயது மகன் சொல்வழி கேட்கிறான் இல்லை என்றும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா தொலைபேசியில் "அடியாத மாடு படியாது, ரெண்டு போடு" என்கிறார் என்றும் எழுதி, இங்கே கனடாவின் ஸ்காபரோவில் அடித்தால் பொலிஸ் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவீடன் 1979இலும் நோர்வே 1987இலும் செய்ததுபோலப் பெற்றோர் அடிப்பதைக் கனடா முற்றாகத் தடை செய்யவில்லை. ஆனால் குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு பெற்றோருக்குக் கொடுக்கும் பாதுகாப்பு எவ்வளவு ஒடுக்கமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவாக்கியது: 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் பதின்ம வயதுப் பிள்ளையையும் அடிக்கக் கூடாது; தடியோ பெல்ட்டோ எடுக்கக் கூடாது; தலையில், முகத்தில் கை படக் கூடாது; ஆத்திரத்தில் அடித்துவிட்டுத் திருத்துவதற்காக அடித்தேன் என்று சொல்லவும் முடியாது. ஒன்ராறியோவில், பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஆசிரியர் அதைப் பாடசாலை அதிபரிடம் சொல்லிவிட்டு இருந்துவிட முடியாது; தானே உடனடியாகப் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் வந்தவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பெரும்பாலும் வீட்டு நிலையைப் பார்த்து, பெற்றோருடனும் பிள்ளையுடனும் கதைத்து, என்ன உதவி தேவை என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் பொலிஸுக்குப் பயந்து மட்டும் கையை மடக்கிக்கொள்ளாதீர்கள். அப்படி மடக்கிக்கொண்ட சிலர், அடையாளம் தெரியாத இடத்தில் நுள்ளுகிறார்கள். "பள்ளிக்கூடத்தில் சொன்னால் உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று பிள்ளையை வெருட்டவும் செய்கிறார்கள். அடியை விட அந்த வெருட்டல்தான் கொடியது என்பேன், ஏனென்றால் வேறு துன்பம் நேர்ந்தாலும் அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது.

எங்களுக்கு முந்திய தலைமுறைத் தாய்மாரின் கவலையும் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகனுக்கு வேலை போன செய்தியைப் பல மாதம் கழித்து மருமகள் வாயால் அறிந்தார். சின்ன வயதில் புள்ளி குறைந்த சோதனைத் தாளைக் கொப்பிக்குள் மறைத்ததற்காக அவனை முழங்காலில் நிற்கவிட்டுப் பூவரசந் தடியால் அடித்ததை நினைத்து, "அண்டைக்கு நான் அவனுக்கு ஒளிக்கத்தான் பழக்கினேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடி வாங்கியதால்தான் எங்கள் பிள்ளைகள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் வந்தார்கள் என்று சொல்லும் தகப்பன்மார் பலர் இருக்கிறார்கள். அதே அடியை வாங்கிப் படிப்பை வெறுத்து விலகியவர்களையும், அடியே வாங்காமல் நன்றாகப் படித்தவர்களையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தத் தலைமுறையை நான் குறை சொல்லவில்லை. சுற்றிவளைப்பும் செல்லடியுமாக இருந்த போர்க் காலத்தில், பொழுதுபட்டும் வீடு திரும்பாத மகனை வாசலில் வைத்தே அடித்த தாயின் கையில் இருந்தது கோபத்தை விடப் பயம். அந்தப் பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. இன்று உங்கள் வீட்டில் அது இல்லை. இலங்கையிலும் பாடசாலைகளில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஆகவே அடிக்காமல் வளர்ப்பதை வெள்ளைக்காரரின் பழக்கம் என்று அம்மா சொன்னால் அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மகனையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முற்றமும் மாமரமும் அம்மம்மாவின் மடியும் இருந்த பிள்ளை, இன்று பேஸ்மென்ட் அறை ஒன்றுக்குள் பனி முடியும்வரை அடைபட்டிருக்கிறான். நீங்கள் வேலைக்குப் பிந்துகிறது என்று பதறும் நேரத்தில்தான் அவன் பனிக்காற்சட்டையை உதறி எறிந்து வாசலில் படுத்து அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். இருபது நிமிடம் முந்தி எழுப்பி, சப்பாத்தை முதலில் போடுவதா கையுறையை முதலில் போடுவதா என்று அவனையே தெரிவு செய்யவிட்டுப் பாருங்கள். எல்லா நாளும் சரிவராது. அழுகிற நாளில் தூக்கிக்கொண்டு போங்கள், ஆனால் அடிக்காதீர்கள். 6 வயது வரையான பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக ஏர்லிஒன் நிலையங்கள் இலவசமாக நடக்கின்றன. லீவு நாளில் அங்கே கூட்டிக்கொண்டு போனால் அவன் ஓடி விளையாடுவான், உங்களுக்கும் கதைக்க ஆள் கிடைக்கும். ஆசிரியர் வீட்டு விடயம் ஏதும் கேட்டால் பயந்து மழுப்பாமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டுப் பெற்று, அவன் வீட்டில் படுத்தும் பாட்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.