கட்ட முடியாது சார்!

கேள்வி: ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு கடன் நிறுவனத்தில் கள அலுவலராக இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களிடம் திட்டங்களைத் தெளிவாக விளக்குகிறேன். பேச்சுப் பயிற்சிக்கும் போயிருக்கிறேன். இருந்தும் குழுக்கள் வேறு இடத்தில் கடன் வாங்குகின்றன. போன வாரம் ஒரு அம்மா, நான் பாதி பேசும்போதே "வாடை வந்தா கட்ட முடியாது சார்" என்றார். உடனே அபராத வட்டி, சிபில் மதிப்பெண் எல்லாம் பொறுமையாக விளக்கினேன். வாங்கும் முன்பே கட்ட முடியாது என்பவரிடம் எப்படிப் பேசுவது?
- பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: பேசாமல் இருந்து பாருங்கள்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். மூலம் நாலு பக்கம். நாலும் நீங்கள் பேசியது. அந்தம்மா பேசியது ஒரே வரி. அதையும் அவர் மேல் குற்றம் சொல்லத்தான் சேர்த்திருக்கிறீர்கள்.

அவர் கட்ட முடியாது என்றது தவணையை இல்லை ஐயா, மிதவையை! தவணைக்கும் வாடைக்காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி நின்றிருந்தால் பிடிபட்டிருக்கும். மண்டபத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, ஊர்ப்பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் அப்படியே தலைகீழ். 12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில், கயிறு கயிறாக விதைப்பாசியை முடிந்து வடகடலில் இறக்குவார்கள். (பெப்சி நிறுவனம் கொண்டுவந்த பாசி என்பதால் ஊரில் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பேர்.) சுமார் 45 நாளில் அறுப்பு. வாடை அலையில் மூங்கில் முறியும், பாசி அறுந்து கரையில் ஒதுங்கும். அந்த மாதங்களில் மிதவை இல்லை, அறுப்பு இல்லை, கையில் காசும் இல்லை. உங்கள் தவணை அட்டையிலோ பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. அவர் அங்கேதான் வந்துகொண்டிருந்தார். நீங்கள் சிபிலுக்குப் போய்விட்டீர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பாம்பனில் ஒருவர் "ரெண்டு மாசமா தொழில் இல்ல தம்பி" என்றார். வேலையில்லாத் திண்டாட்டம் என்று பக்கம் நிறைய எழுதிவிட்டேன். கடற்கரையில் தொழில் என்றால் கடலுக்குப் போவது. அவர் சொன்னது விசைப்படகுகளுக்கான தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அடுத்த முறை போனபோது டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த காசு போகட்டும். அந்தம்மாவிடம் திரும்பப் போங்கள். துண்டுப் பிரசுரத்தைப் பையிலேயே வையுங்கள். "எந்தக் கடல்லக்கா கட்டுறீங்க? வாடை முடிஞ்சு திரும்ப எப்பக் கட்டுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் வாயைத் திறக்க வேண்டாம். மிச்சம் ஒன்று வைத்திருப்பார், அதுவும் வரட்டும். பிறகு மேலாளரிடம் போய், வாடை மாதங்களில் தவணையைக் குறைக்க வழியுண்டா என்று கேளுங்கள். அவர் பாதியில் வெட்டினால் எனக்கு எழுதுங்கள்.