பருப்பு சாதமும் பார்க்கின்சன் மாத்திரையும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா சாப்பிடுகிறார். காலை மாத்திரை நன்றாகக் கேட்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் நடுக்கம் அடங்குவதில்லை. மாத்திரை போலியாக இருக்குமோ? உடம்பு தேறப் புரதப் பவுடரும் பாலில் கலந்து கொடுக்கிறோம்.
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மாத்திரையைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். லெவோடோபா தானாகக் குடலைக் கடக்காது. குடல் சுவரில் அமினோ அமிலங்களைச் சுமந்து செல்லும் புரதங்கள் உண்டு. அவைதான் இதையும் சுமக்கின்றன. பருப்பும் பாலும் செரித்தால் வருபவை அதே அமினோ அமிலங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் இடம் பிடிப்பது போலத்தான். குடலில் ஏறிவிட்டாலும் மூளை வாசலில் இன்னொரு நெரிசல் காத்திருக்கிறது. அங்கேயும் இவற்றைச் சுமந்து உள்ளே விடும் 'லாட்-1' புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். நம் மருந்துக் கவர்களிலோ இன்றும் எல்லா மாத்திரைக்கும் 'சாப்பாட்டுக்குப் பின்' என்றே கிறுக்கித் தருகிறார்கள்.

சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையைக் கொடுங்கள். பருப்பு, முட்டையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். பெரும்பகுதியை இரவுக்குத் தள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். அவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: கூடவே ஏதாவது சாப்பிடலாம். உடனே இட்லி, சாம்பாரை எடுத்து வைக்காதீர்கள், இரண்டிலும் பருப்பு. பால் காபியும் கூடாது. சேலத்துக்காரருக்கு இதற்கா பஞ்சம்? பால் சேர்க்காத ஜவ்வரிசிக் கஞ்சி போதும். ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் புரதம் இல்லை என்றே சொல்லலாம்.

இனி அந்தப் பவுடர். வாங்கச் சொன்னது மருத்துவரா, கமிஷனுக்கு விற்கும் பக்கத்து வீட்டுக்காரரா? மாத்திரை நேரத்தில் புரதப் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது, நெரிசலில் இன்னும் ஐம்பது பேரை ஏற்றுவதற்குச் சமம். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறித்தான் வேலை செய்கிறது. 'நேராக மூளைக்கு டோபமைன்' என்று விற்பவரை வாசலோடு அனுப்புங்கள். வாயால் விழுங்கும் டோபமைன் மூளைக்குள் நுழையாது. மலை மூலிகை என்று வரும் பூனைக்காலிப் பொடி வேறு வகை ஆபத்து. அதில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். பொட்டலத்தில் எவ்வளவு என்பது விற்பவருக்கே தெரியாது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு மீறும்.

இரண்டு வாரம் மாத்திரை, சாப்பாடு, நடுக்கம் மூன்றின் நேரத்தையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் சீட்டை நீட்டி அனுப்பப் பார்த்தாலும் எழுந்துவிடாதீர்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.