3,000 சொல்லுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பள்ளிப் படிப்பு தமிழ்வழி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத ஆங்கிலச் சொற்கள் போதவில்லை. வேலூரில் ஒரு பயிற்சி மையம் 45 நாளில் 3,000 சொற்கள் கற்றுத்தருவதாகச் சொல்கிறது. சேரலாமா அய்யா?

பதில்: வேண்டாம் அம்மா. நாளுக்கு ஏறக்குறைய 67 சொல் ஆகிறது, யாருக்கு நிற்கும்? கடைசியில் கையில் மிஞ்சுவது ஸ்பைரல் போட்ட ஒரு நகல் புத்தகம். அதில் இருக்கும் இத்தகைய சொற்பட்டியல்கள் பல, அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் பழைய வடிவத்துக்காகத் தொகுத்தவை. எதிர்ச்சொல் வினாக்களை அத்தேர்வே 2011 ஆகஸ்டில் கைவிட்டுவிட்டது. இங்கே விற்பனை நின்றபாடில்லை. கல்லூரி வாசலில் நோட்டீஸ் நீட்டுபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. 'இன்றே சேர்ந்தால் சலுகை' என்று யாராவது சொன்னால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்கள்தான். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவற்றுக்குள் அடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் நடத்திவிட்டு, சொந்தமாக ஒரு கடிதம் எழுதவிடாமல், மனப்பாடக் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள். கேட்டால் பாடத்திட்டம் என்பார்கள்.

மீதிச் சொற்கள் உங்கள் அலுவலகத்துக்கு வந்த மின்னஞ்சல்களிலேயே இருக்கின்றன. ஷிப்மென்ட் உங்களுக்குத் தெரியும். அது தாமதமானதை எப்படிச் சொல்வது என்பதில்தான் பேனா நிற்கிறது. ஆகவே தனிச்சொல்லாக எழுதாமல், வாடிக்கையாளர் எழுதிய முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு ஐந்து போதும். மறுநாளும் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் நோட்டை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வு எழுதுபவர் மட்டும் விலக்கு. ஒருபொருள் சொல், எதிர்ச்சொல் எல்லாம் அங்கே கேட்கிறார்கள், பட்டியல் உதவும். ஆனால் அதுவும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து தானே எடுத்த பட்டியலாக இருக்கட்டும். வந்த சொற்கள் மறுபடி வருவதுண்டு. வினாத்தாளில் இல்லாததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேர்வுக்குப் படித்த அரிய சொற்களை அலுவலகக் கடிதத்தில் நுழைக்கவும் வேண்டாம்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? ரசீதைப் பத்திரப்படுத்தி, எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.