பரிசு கொடுக்க டெபாசிட் போடலாமா?

கேள்வி: கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு கிராமம். எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். வங்கியில் டெபாசிட் போட்டு, அந்த வட்டியில் வருடாவருடம் பிளஸ் டூவில் முதல் மூன்று இடம் வருபவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா சார்? பணம் இப்போது ஒரு நண்பர் கணக்கில் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரும் அனுப்பத் தயார்.

பதில்: பரிசு வேண்டாங்க. 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 14,000 ரூபாய்தான் வரும், அதில் சால்வை, மைக் செட் செலவு போக (கட்டாயம் போகும்) மூன்று பேருக்கு என்ன மிஞ்சும்? அதுவும் முதல் மூன்று இடம் வருகிற பிள்ளை எப்படியும் கல்லூரிக்குப் போய்விடும்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். என்எம்எம்எஸ் (மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைக்கான தேர்வு) தெரியும்தானே? ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் (எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50), வீட்டு வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம், தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வரும். பாதிக் கேள்விகள் மனத்திறன் சம்பந்தப்பட்டவை, வகுப்பில் நடத்துகிற பாடமில்லை, அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் பயிற்சி இல்லாமல் போனால் அங்கேதான் தடுமாறும். ஊரில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மாதம் 3,000 கொடுத்து ஐந்து மாதம் சனிக்கிழமை வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். செலவு 15,000. ஒரே ஒரு பிள்ளை தேறினால்கூட நான்கு வருடத்தில் அந்த வீட்டுக்கு 48,000 ரூபாய், எந்த வங்கி கொடுக்கும் இந்த வட்டியை? அப்புறம் பிளஸ் ஒன்னில் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, அதில் வருடத்துக்கு 10,000, பட்டப்படிப்பு முடியும்வரை.

கையில் மிச்சமிருப்பதை, கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மே முதல் ஆகஸ்ட் வரைக்கென்று தனியாக வையுங்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, உண்மைதான், ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருகிற பணம். அதற்கு முன்னால் வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, இ-சேவை மையத்துக்கு நாலு நடை, விண்ணப்பம், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு செட் துணி, பஸ் காசு என்று ஏழெட்டாயிரம் கையிலிருந்து போகும், அந்த வீட்டில் அது இருக்காது. அம்மா வட்டிக்கு வாங்குவார், இல்லையென்றால் பையன் 'ஒரு வருஷம் வேலைக்குப் போயிட்டு அப்புறம் படிக்கிறேன்' என்று திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவான். அந்தச் சமயத்தில் ஆளுக்கு 7,000 கொடுங்கள். கடன் பத்திரமெல்லாம் எழுதி வாங்காதீர்கள். வேலைக்குப் போனபின் தர முடிந்தவன் தானே வந்து தருவான். நீண்ட கால டெபாசிட்டில் பூட்டாமல் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால டெபாசிட்டிலோ வைத்தால் போதும். இப்படிச் செய்தால் ஐந்தாறு வருடத்தில் 2 லட்சமும் தீர்ந்துவிடும். தீரட்டுமே, மறுபடி வசூல் பண்ணுங்கள்.

பெற்றோரிடம் இதையும் சொல்லிவிடுங்கள், காசே ஆகாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. நகையை அடகு வைத்து ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும்.

நண்பர் கணக்கில் பணம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வட்டி அவருடைய வருமானத்தில் சேரும், நாளை அவருக்கு ஒன்றென்றால் பணம் நாமினி கைக்குப் போகும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதிந்து, இரண்டு பேர் கையெழுத்தில் கணக்கு தொடங்கலாம். சிங்கப்பூர் நண்பர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பட்டும், பிரச்சினை இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் சங்கம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.