சபையை விட்டு விலகினால் சாபம் வருமா?

கேள்வி: பல வருடங்களாக ஒரு தனிச் சபைக்குப் போகிறோம். சம்பள விவரம் கேட்கிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் குறைந்தால் பிரசங்கத்திலேயே குத்திக்காட்டுகிறார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகவும் பாஸ்டரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. விலக நினைக்கிறோம். அபிஷேகம் பெற்றவரை விட்டுப் போனால் குடும்பத்துக்குச் சாபம் என்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இவர் கடிதம் தராவிட்டால் வேறு சபையில் நடத்த முடியாதா? சின்னவனும் அங்கேதான் ஞாயிறு பள்ளிக்குப் போகிறான்.

ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரின் பதில்:

கல்யாணம் நடக்கும், பயப்படாதீர்கள் அம்மா.

சாபத்துக்கு அவர் காட்டும் வசனம் அநேகமாக சங்கீதம் 105:15 ஆக இருக்கும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஊர் ஊராக அலைந்த காலத்தைப் பற்றியது அது. நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதீர்கள் என்று தேவன் கடிந்துகொண்டது ராஜாக்களை. காணிக்கை போடுகிற விசுவாசிக்கு அங்கே வேலையே இல்லை. அபிஷேகம் பெற்ற ராஜா என்று தாவீதும் சவுலின்மேல் கை வைக்கவில்லைதான். ஆனால் சவுலின் ஈட்டி பறந்து வந்தபின் தப்பி ஓடினான், வேதம் அதைக் குற்றமாக எழுதவில்லை. காரணமில்லாத சாபம் தங்காது என்று நீதிமொழிகள் 26:2-ல் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள்.

விலகுவதற்கு நாலு வரிக் கடிதம் போதும். இத்தனை நாள் ஊழியத்துக்கு நன்றி, இன்ன தேதியிலிருந்து வேறு சபையில் ஆராதிக்கப் போகிறோம், அவ்வளவுதான். காரணம் எழுதாதீர்கள், எழுதினால் அடுத்த ஞாயிறு அதுதான் பிரசங்கம். சாவி, கணக்கு நோட்டு எதுவும் உங்களிடம் இருந்தால் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு ஜெபத்துக்கு வாங்க என்று கூப்பிட்டால் போக வேண்டாம். அந்த ஜெபம் பெரும்பாலும் விசாரணையாகத்தான் முடியும்.

சமாதானம் பேச வருகிறவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் சொன்னது ராத்திரிக்குள் பாஸ்டர் வீடு போய்ச் சேரும். இன்னும் சிலர், விஷயம் எப்படியோ தெரிந்து, எங்கள் சபைக்கு வாருங்கள் என்று பழக்கூடையோடு வருவார்கள். வருடக் கணக்கைச் சபையார் முன்னால் வாசிப்பீர்களா என்று கேளுங்கள். பாதிப் பேர் காப்பி குடிக்காமலே கிளம்பிவிடுவார்கள்.

1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் பழைய போதகரின் சம்மதக் கடிதம் என்று ஒன்று கிடையாது. நடத்திவைப்பவருக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர், அரசு உரிமம் உள்ள போதகர், திருமணப் பதிவாளர் என்று சட்டம் சிலரைக் குறிப்பிடுகிறது. உங்கள் பாஸ்டருக்கே உரிமம் இருக்கிறதா என்று யாராவது கேட்டதுண்டா? அதிகாரமில்லாமல் நடத்திவைத்தால் 68-ம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறை. சர்ட்டிபிகேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், முன்தேதி போட்டுத் தருகிறேன் என்கிற புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். பிறகு பாஸ்போர்ட், விசா என்று போகும்போது மாட்டுவது உங்கள் மகள்தான்.

புதிய சபையில் ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள், ஓலை வாசிப்பார்கள், அதாவது கல்யாண அறிவிப்பைச் சபையார் முன்னால் வாசிப்பார்கள். குழந்தையாக இருந்தபோது தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரன் சபையிலோ ஞானஸ்நானம் ஆகியிருந்தால், அங்கே பதிவேட்டு நகல் கேளுங்கள். இன்றைக்கே போங்கள். ஐயா வெளியூர், செயலர் வரவில்லை, கமிட்டி கூடவில்லை என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். திருமண்டலம் என்கிற பேராயர் நிர்வாகத்தின் தேர்தல் வழக்குக்கு ஓடுகிற கால்களுக்கு ஒரு நகல் எடுக்க மட்டும் வலிக்கும். எதுவும் சரிவரவில்லையா, 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆசீர்வாத ஆராதனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சத்தமில்லாமல் விலகுங்கள் என்று மேலே சொன்னது ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது. அங்கே ஏதாவது ஒரு பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தது உங்களுக்குத் தெரிந்தால், பேசாமல் வெளியேற உங்களுக்கு அனுமதி இல்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. மூப்பர்கள் கூடி மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டார்கள், ஆளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், சபைப் பெயர் கெட்டுவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். இதில் எதுவும் அந்தக் கடமையை மாற்றாது. மன்னித்துவிட்டேன் என்று பெற்றோரே சொன்னாலும் மாற்றாது. குழந்தைகள் உதவி எண் 1098. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் விலகல் கடிதத்தைக் கொடுக்கும் முன் சின்னவனிடம் தனியாக ஒருமுறை பேசிவிடுங்கள்.