வாசகர் கேள்வி - பதில்: பொன்னாடைக்கு முன்பு செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் பகுதியில் ஞாயிறு பிற்பகல்களில் கூடும் சிறுவர், இளைஞர் குழுவொன்றை நான்கு இளம் தொண்டர்கள் ஊதியம் எதுவுமின்றி நடத்தி வருகிறார்கள். அவர்களில் ஒரு சகோதரி கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒரு தம்பி அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதவுள்ளவர். ஆண்டிறுதியில் மேடை அமைத்துப் பொன்னாடை போர்த்திக் கேடயம் வழங்கலாம் என்பது பெற்றோர் சிலரின் விருப்பம். கடித உறையில் பணம் வைத்துக் கொடுப்பதே பயன் தரும் என்கிறார்கள் வேறு சிலர். எங்களிடம் கையிருப்பு குறைவு. எது முறையானது?
- பெற்றோர் குழுச் செயலாளர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: இரண்டு யோசனைகளிலும் பிழையில்லை, ஆனால் இரண்டுமே ஆண்டின் ஒரேயொரு நாளைப் பற்றியவை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் தாம் எவ்வாறு நடத்தப்படுகிறோம் என்பதைக் கொண்டே அந்த நால்வரும் உங்கள் நன்றியை அளந்துகொள்வார்கள் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கூட்டம் ஐந்து மணிக்கு முடியுமாயின், ஐந்து மணிக்கே பெற்றோர் வாசலில் நிற்க வேண்டும். கடைசிப் பிள்ளையின் வீட்டார் வந்து சேரும் வரை பொறுப்பாளர் காத்து நிற்பது இத்தகைய குழுக்களில் வழமையாகிவிட்டது. உங்களுக்கு அது அரைமணி நேரத் தாமதம் மட்டுமே. கிண்ணியாவுக்குத் திரும்ப வேண்டிய சகோதரிக்கோ அது தவறவிட்ட பஸ்ஸாகவும், இருட்டிய பின் வீடு சேர்வதாகவும், அடுத்த வாரம் "இனிப் போக வேண்டாம்" என்று வீட்டில் எழும் பேச்சாகவும் முடியக்கூடும். (2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் படகுப் பாதைக்காகக் கரையில் காத்து நின்ற தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) வாரம் இருவர் வீதம் பெற்றோர் முறை வைத்து, கடைசிப் பிள்ளை போகும் வரை தாங்களே நின்று, பின்னர் கதவைப் பூட்டிச் செல்வதற்கு ஒரு சதமும் செலவாகாது.

அடுத்தது பணம். தொண்டருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆனால் அவர் தம் கையிலிருந்து செலவழித்துக்கொண்டிருக்கவும் கூடாது. பஸ் கட்டணம், ஒளிப்படப்பிரதி, தொலைபேசிக்கு இடும் ரீலோட், விழுந்து காயப்பட்ட பிள்ளைக்கு வாங்கிய பிளாஸ்டர் என்பன தனித்தனியே சிறியவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவை ஒன்றுசேரும்போது ஒரு மாணவருக்கோ புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கோ சிறியவையாக இருப்பதில்லை. இவற்றை அவர்கள் தாமாக வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். ஆகவே ஒரு கொப்பியில் செலவை எழுதி, பற்றுச்சீட்டு உள்ளவற்றுக்கு அதனை இணைத்து, மாதந்தோறும் பொருளாளர் தாமாகவே கேட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். செலவை ஈடுசெய்வது அவர்களது உரிமை என்பதால் அதில் யாருடைய மனமும் நோகாது. ஆண்டுக்கு ஒருமுறை உறையில் வைத்து நீட்டும் பணமோ, எவ்வளவு என்ற ஒப்பீட்டையும், வாங்குவதா மறுப்பதா என்ற சங்கடத்தையும் சேர்த்தே கொண்டுவரும். தனித்தனிப் பெற்றோர் விலையுயர்ந்த பரிசு கொடுப்பதையும் ஊக்குவிக்காதீர்கள். அந்தப் பெற்றோரின் பிள்ளைக்கு அடுத்த நாடகத்தில் முக்கிய பாத்திரம் கிடைத்தால், அதற்கு எவ்வளவு தகுதியுடைய பிள்ளையாக இருந்தாலும், ஊர் வேறு கணக்குப் போடும்.

பரீட்சை எழுதவுள்ள தம்பிக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு விடுப்பு. அவர் கேட்பதற்கு முன்பே, பரீட்சைக்கு முந்திய மாதங்களில் வர வேண்டியதில்லை என்றும், திரும்பி வரும்போது அவரது இடம் அவருக்காகவே இருக்கும் என்றும் குழுவின் பெயரில் சொல்லிவிடுங்கள்.

இளம் தொண்டர்களுக்குக் கேடயத்தைக் காட்டிலும் ஒரு நல்ல கடிதம் நெடுங்காலம் உதவும். "சிறந்த முறையில் சேவையாற்றினார்" என்று பெயரை மட்டும் மாற்றி அச்சிடும் சான்றிதழை நேர்முகப் பரீட்சையில் எவரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பணியாற்றினார், எத்தனை பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருந்தார், எந்த வயதினரை வழிநடத்தினார், எந்த நிகழ்ச்சியைத் தாமே திட்டமிட்டார், பணம் கையாண்டாரா என்பவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கடிதத் தலைப்பில், முத்திரையும் கையொப்பமும் இட்டுக் கொடுங்கள். அதன் பிரதியொன்றைக் குழுவின் கோப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகள் கழித்துக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அவர் கேட்டு எழுதும்போது, அன்றைய செயலாளர் யாரென்று தேட வேண்டியிருக்காது.

கையிருப்பில் மிஞ்சுவதைப் பயிற்சிக்குச் செலவிடலாம். 1919 இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணர் இயக்கத்தின் நிறுவுநர் பேடன் பவல் தொடக்கிய பயிற்சியை நிறைவு செய்த சாரணத் தலைவர்களுக்குத் தோல்நாடாவில் கோத்த இரண்டு மரமணிகள் வழங்கப்பட்டன. அந்த மணிகளைச் சாரணர் உலகம் இன்றும் மதிப்பதற்குக் காரணம், அவை கற்றுத் தேர்ந்ததன் அடையாளமாக இருப்பதே. உங்கள் நால்வரையும் செஞ்சிலுவைச் சங்கத்தினர் நடத்துவது போன்ற முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குக் குழுவின் செலவில் அனுப்பினால், அது அவர்களுக்கு மரியாதையாகவும் உங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகவும் அமையும்.

இத்தனைக்கும் பிறகு விழாவும் வேண்டுமென்றால் தாராளமாக நடத்துங்கள். ஐக்கிய நாடுகள் சபை 1985 இல் அறிவித்த சர்வதேசத் தொண்டர் தினம் டிசம்பர் 5 அன்று வருகிறது. பொருத்தமான நாள்தான், ஆனால் நமது மாவட்டத்தில் அது மாரி மழைக்காலம். கூரையுள்ள மண்டபம் கிடைக்காவிட்டால், கடல் அமைதியாக இருக்கும் மே மாதத்துக்குப் பிந்திய ஒரு நாளில் நிலாவெளிப் பக்கம் எல்லோருமாகச் சென்று உணவருந்துவது மேல். நோன்பு மாதத்தைத் தவிர்த்து நாளைக் குறித்து, எல்லோரும் உண்ணத்தக்க ஹலால் உணவை ஒழுங்கு செய்வதும், பொன்னாடையைச் சகோதரிக்கு ஒரு பெண்மணியைக் கொண்டு அணிவிப்பதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை. அன்று பெரியவர்களின் உரைகளைக் குறைத்து, பிள்ளைகளைப் பேச விடுங்கள். மனப்பாடம் செய்த பாராட்டுரை வேண்டாம். "கூட்டத்தில் பேசப் பயந்த என்னை அக்காதான் முதலில் பேச வைத்தார்" என்பது போன்ற ஒரு வாக்கியம் போதும்.

கேள்வி: நானே அத்தகைய பொறுப்பாளர்களில் ஒருவன். மாலை, மேடை என்றால் கூச்சமாக இருக்கிறது. மறுத்தால் தலைக்கனம் என்பார்களோ?
- வாசகர், சாம்பல்தீவு

பதில்: மேடையில் மறுத்தால் அப்படித்தான் சொல்வார்கள். அழைப்பிதழ் அச்சிடும் முன்பே தலைவரைத் தனியாகச் சந்தித்து, மாலைக்குப் பதிலாகக் குழுவுக்குத் தேவையான ஒரு பொருளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: கரப்பந்து, முதலுதவிப் பெட்டி, எதுவானாலும். அப்படியும் விடமாட்டார்கள் என்றால் ஒரு மாலையைச் சகித்துக்கொள்ளுங்கள். கொடுப்பவர்களுக்கும் அதில் ஒரு நிறைவு உண்டு.

கேள்வி: பத்து ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்தவருக்கும் ஒரே பரிசு கொடுப்பது நியாயமா?
- வாசகி, மூதூர்

பதில்: பரிசு ஒன்றாகவே இருக்கட்டும், சொல்லும் சொற்கள் வேறுபடட்டும். மூத்தவரின் பத்து ஆண்டுகளையும் பெயர் சொல்லி விரிவாகக் குறிப்பிடுங்கள். தேநீர் ஊற்றுபவரையும் வரவுப் பதிவேடு எழுதுபவரையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய விழாக்களில் பெரும்பாலும் விடுபடுவது அவர்களுடைய பெயர்தான்.